கேசட் மாதிரியே இருந்துச்சா?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கொசுவத்திப் பதிவுதான். ஆனா வெறும் கொசுவத்தி இல்ல, நடுவுல ஒரு சண்டை இருக்கு. 2007-ல ஒரு ராத்திரி பஸ்ஸுல ஆரம்பிச்ச சண்டை. இன்னிக்கு வரைக்கும் தீரல.

விஷயம் ரொம்ப சிம்பிள். இருபது முப்பது வருஷமா வாசிச்சுக்கிட்டு இருக்கற ஒரு பேண்டு முதல் தடவையா நம்ம பக்கம் வருது. வந்து மேடையேறினா எதை வாசிக்கணும்? ஊருக்கே மனப்பாடமான பழைய பாட்டையா, போன வருஷம் போட்ட ஆல்பத்துல இருந்து புதுசையா?

"இதுல என்னய்யா சந்தேகம், பழசுதான்"னு பத்துல ஒன்பது பேர் சொல்வீங்க. ராஜா கச்சேரியில அவர் புதுப் படத்துல இருந்து ஒண்ணு ஆரம்பிச்சா கூட்டம் நெளியறதைப் பார்த்திருக்கோம். சபாவுல தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்ச உடனே கேண்டீன்ல தோசைக்கு க்யூ நிக்கறதையும் பார்த்திருக்கோம். ராக் கச்சேரியில புதுப்பாட்டுன்னா அதே கதிதான். ஒண்ணுக்குப் போக, தண்ணி வாங்க, பக்கத்துல இருக்கறவன்கிட்ட பேச ஒதுக்கின நேரம்.

நான் அந்தப் பத்தாவது ஆள். புதுசுதான் வாசிக்கணும்கிற கட்சி. என்னை எதிர்த்து நிக்கற ஆள் சாதாரண ஆள் இல்ல. எனக்கு அயர்ன் மெய்டனையே அறிமுகப்படுத்தினவர். அவரை இங்க அண்ணன்னே சொல்றேன், பேரெல்லாம் போட்டா அடிப்பார் :-)

அயர்ன் மெய்டன் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1975 கிறிஸ்துமஸ் அன்னிக்கு கிழக்கு லண்டன்ல ஸ்டீவ் ஹாரிஸ்ங்கற பேஸ் கிடார்காரர் ஆரம்பிச்ச ஹெவி மெட்டல் பேண்டு. 1981-ல புரூஸ் டிக்கின்சன் பாட வந்தார், 1993-ல போனார், 1999-ல திரும்ப வந்தார். பாடறது போக ஏரோப்ளேனும் ஓட்டுவார், நிஜமாவே பைலட். பாட்டெல்லாம் காதல் கத்தரிக்கா கிடையாது. போர், சரித்திரம், தூக்குமேடை, பேய், கடல், இதுதான். கூடவே எட்டின்னு ஒரு எலும்புக்கூட்டு பொம்மை, ஆல்பம் அட்டையில எல்லாம் அதுதான் ஹீரோ. எங்கம்மா அந்த அட்டையைப் பார்த்துட்டு வீட்டுக்குள்ள கொண்டு வராதேன்னு சொன்னது தனிக் கதை.

இனி அண்ணன். திருச்சியில ரெக்கார்டிங் கடை வச்சிருந்தார். இப்பத்த புள்ளைங்களுக்கு ரெக்கார்டிங் கடைன்னா என்னன்னு தெரியாது. நோட்டுத்தாள்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துட்டு வெத்து கேசட் ஒண்ணுக்குக் காசும் கொடுத்தா, ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பாட்டெல்லாம் பதிஞ்சு கையில கொடுப்பாங்க. முக்கால்வாசி ராஜா, அப்புறம் பக்திப் பாட்டு, கல்யாண சீசன்ல நாதஸ்வரம். இதுக்கு நடுவுல மெய்டன் எங்கிருந்து வந்துச்சுன்னா, ஆர்.ஈ.சி. பசங்க. அப்ப அது ரீஜனல் இன்ஜினியரிங் காலேஜ், 2003-லதான் என்.ஐ.டி. ஆச்சு. வெளி மாநிலத்துப் பசங்க லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வரும்போது வெளிநாட்டு கேசட்டு கொண்டு வருவாங்க. ஹாஸ்டல்ல பத்து பேருக்கு காப்பி வேணும். அண்ணன் கடைக்கு வருவாங்க. அண்ணன் பத்து காப்பி போட்டுட்டு, பதினொண்ணாவதா தனக்கு ஒண்ணு எடுத்து வச்சுக்குவார். அதுக்கு பேரு மாஸ்டர்.

அண்ணனுக்கு இங்கிலீஷ் பாட்டு வரி ஒண்ணும் புரியாது. புரியணும்னு அவர் கவலைப்பட்டதும் இல்ல. கிடாரை வாயாலயே பாடுவார். ரெண்டு கிடார் சேர்ந்து வர்ற இடத்துல ஒண்ணை அவர் பாடி இன்னொண்ணை என்னைப் பாடச் சொல்வார். பாட்டுக்கெல்லாம் அவரே பேர் வச்சிருந்தார். 'ட்ரூப்பர்' குதிரைப் பாட்டு. 'ஃபியர் ஆஃப் தி டார்க்' இருட்டுப் பாட்டு. 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மாரினர்' கப்பல் பாட்டு. நான் ஒன்பதாவது படிக்கும்போது அந்தக் கடையில ஸ்டூல் போட்டு உக்காந்து கேட்டுக் கேட்டுத்தான் உருப்படாம போனேன்.

கப்பல் பாட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லியாகணும். 1984-ல வந்த 'பவர்ஸ்லேவ்' ஆல்பத்தோட கடைசிப் பாட்டு. பதிமூணே முக்கால் நிமிஷம். கோல்ரிட்ஜ் 1798-ல எழுதின கவிதை, பி.ஏ. இங்கிலீஷ் படிச்சவங்க நோட்ஸ் வாங்கிப் பாஸ் பண்ணியிருப்பீங்க, அதைத்தான் ஹாரிஸ் பாட்டாக்கினார். ஆல்பம் மொத்தம் அம்பத்தோரு நிமிஷம். 90 நிமிஷ கேசட்டுல ஒரு சைடுக்கு 45. அப்ப என்னாகும்? கப்பல் பாட்டு பாதியில ஏ சைடு முடிஞ்சிடும். அதுவும் எந்த இடத்துல? எல்லா வாத்தியமும் அடங்கி, காத்தில்லாம கப்பல் நடுக்கடல்ல நிக்கற இடம். மரம் முனகற சத்தம், ஒத்தை பேஸ், அவ்வளவுதான். அங்க டக்குனு நிக்கும். எடுத்துத் திருப்பிப் போடணும். திருச்சியில அண்ணன்கிட்ட காப்பி வாங்கின அத்தனை பேரும் அந்தப் பாட்டை ரெண்டு துண்டாத்தான் கேட்டிருப்பாங்க.

மெய்டன் இந்தியாவுக்கு வராங்கன்னு சேதி வந்தப்ப அண்ணனோட கடை ஏற்கெனவே ரீசார்ஜ் கடையாகிடுச்சு. கேசட் போய் சி.டி., சி.டி. போய் எம்.பி.3. நான் சென்னையில ஆணி புடுங்கிக்கிட்டு இருந்தேன். 2007 மார்ச் 17, சனிக்கிழமை, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ். அதே ஊர்ல 2002-ல ரோஜர் வாட்டர்ஸ், 2003-ல ரோலிங் ஸ்டோன்ஸ் எல்லாம் வந்துட்டுப் போயிருந்தாங்க. ஆனா மெய்டன் மாதிரி ஒரு பெரிய மெட்டல் பேண்டு இந்தியாவுக்கு வந்ததில்ல. டிக்கெட் எடுத்துட்டு அண்ணனுக்கு போன் பண்ணினேன். ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம், "கப்பல் பாட்டு வாசிப்பானுங்களா தம்பி?"ன்னார்.

மேக்ரி சர்க்கிள் பக்கம் இறங்கினா ரோடு முழுக்க கருப்பு டி-ஷர்ட். சபரிமலை சீசன் மாதிரி. அண்ணன் மட்டும் வெள்ளைச் சட்டை, பாக்கெட்ல பேனா. ஷில்லாங், கவுஹாத்தி பசங்க, கொச்சின் பசங்க, கோயமுத்தூர்ல இருந்து ஒரு வேன் நிறைய ஆளுங்க. வடகிழக்குல இருந்து மூணு நாள் ரயில்ல வந்தேன்னு சொன்ன ஒரு பையன் அண்ணனைப் பார்த்து "அங்கிள், உங்க பையனைக் கொண்டுவிட வந்தீங்களா?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டான். அண்ணன் பதில் சொல்லாம 'பவர்ஸ்லேவ்' கிடாரை வாயால ஆரம்பிச்சார். அந்தப் பையன் அடுத்த அரைமணி நேரம் அண்ணனை விட்டு நகரல.

முன்னாடி டெல்லி 'பரிக்கிரமா' வாசிச்சாங்க, நல்லாவே வாசிச்சாங்க. ஹாரிஸோட பொண்ணு லாரன் ஹாரிஸ் பாடினாங்க. காலுக்கடியில செம்மண் புழுதி, தலைக்கு மேல மார்ச் மாச வெக்கை. அப்புறம் ஸ்பீக்கர்ல யூ.எஃப்.ஓ. பேண்டோட 'டாக்டர் டாக்டர்' வந்துச்சு. மெய்டன் ரசிகனுக்கு அதோட அர்த்தம் தெரியும். எந்த ஊரானாலும் அவங்க மேடையேறறதுக்கு முன்னாடி அந்தப் பாட்டுதான் போடுவாங்க. கோயில்ல திரை விலகறதுக்கு முன்னாடி மணி அடிக்கற மாதிரி. அண்ணன் என் தோளைப் புடிச்ச புடி இன்னும் வலிக்குது.

ஏறினாங்க. ஆரம்பமே புது ஆல்பத்துல இருந்து 'டிஃபரன்ட் வேர்ல்ட்'.

2006 ஆகஸ்டுல வந்த ஆல்பம் அது, 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்'. போர், மதம், சாவு, இதைச் சுத்தியே எழுதின பாட்டுங்க. அந்த வருஷ டூர்ல அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான்னு போன இடத்துல எல்லாம் முழு ஆல்பத்தையும் முதல் பாட்டுல இருந்து கடைசி வரைக்கும் வரிசையா வாசிச்சாங்க. பழசுக்குக் கடைசியில கொஞ்சம் இடம். ரசிகர்கள் பல பேர் கடுப்பானாங்க. பெங்களூருக்கு வந்தப்ப அந்த அளவுக்கு இல்ல, ஆனாலும் புதுசு கணிசமா இருந்துச்சு. 'ட்ரூப்பர்' வந்துச்சு, மைதானமே குதிச்சுது. 'ஃபியர் ஆஃப் தி டார்க்' வந்துச்சு. அந்தப் பாட்டுல கிடாரையே கூட்டம் பாடும், உலகம் முழுக்க அப்படித்தான். வரி தெரியாத அண்ணனுக்கும் கேம்பிரிட்ஜ்ல படிச்சவனுக்கும் அங்க வித்தியாசமே கிடையாது. அண்ணன் கண்ணை மூடிக்கிட்டு பாடினார்.

ஆனா புதுப்பாட்டு வரும்போதெல்லாம் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். அவரைச் சுத்தி நின்ன பாதிப் பேரும் அப்படித்தான்.

நானோ வேற உலகத்துல இருந்தேன். 'பிரைட்டர் தேன் எ தவுசண்ட் சன்ஸ்'னு ஒரு பாட்டு, அணுகுண்டைப் பத்தினது. அந்த ஆயிரம் சூரியன் எங்கிருந்து வந்துச்சுன்னா, பகவத்கீதையோட பதினோராவது அத்தியாயத்துல இருந்து ஓப்பன்ஹைமர் வழியா வந்தது. குருக்ஷேத்திரத்துல கிளம்பி, நியூ மெக்சிகோ பாலைவனம் போய், லண்டன்ல பாட்டாகி, பேலஸ் கிரவுண்ட்ஸ்ல வந்து விழுது. எனக்குப் புல்லரிச்சுது. அப்புறம் 'ஃபார் தி கிரேட்டர் குட் ஆஃப் காட்', ஒன்பது நிமிஷத்துக்கு மேல. கடவுள் பேரால நடக்கற கொலையைப் பத்தி. மெதுவா ஆரம்பிச்சு, ஏறி, உடைஞ்சு, திரும்ப மெதுவாகி முடியும். டிக்கின்சனைப் பார்த்தேன். 'ட்ரூப்பர்'ல கொடியை ஆட்டிக்கிட்டு ஓடினவர் வேற ஆள், இங்க நிக்கறவர் வேற ஆள். இந்தப் பாட்டு கூட்டத்துக்குப் போய்ச் சேருதான்னு அவருக்கே தெரியல. கூட்டத்தோட மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துப் பாடினார். பழைய பாட்டுக்கு அந்தப் பார்வை தேவைப்படல. அது எப்படியும் ஜெயிக்கும்னு மேடையில இருக்கற ஆறு பேருக்கும் தெரியும்.

ஸ்டீவ் ஹாரிஸுக்கு அஞ்சு நாள் முன்னாடிதான் 51 வயசு முடிஞ்சிருந்துச்சு. அந்த வயசுல ஒருத்தர் ஏழு மாசம் முன்னாடி வெளிவந்த பாட்டை, அதை எதிர்பார்த்து வராத கூட்டத்துக்கு முன்னாடி வச்சு, பேஸைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கறார். நான் பார்க்கப் போனது இதைத்தான்னு எனக்கு அப்பத்தான் தோணுச்சு.

கப்பல் பாட்டு வரல. முடிஞ்சதுக்கு அப்புறம் ஸ்பீக்கர்ல வழக்கம்போல மான்ட்டி பைத்தான் படத்துப் பாட்டு போட்டாங்க, அதுதான் 'வீட்டுக்குப் போங்க'ங்கறதுக்கு மெய்டன் பாஷை.

திருச்சி பஸ்ஸுல ஏறி உக்காந்ததும் அண்ணன் ஆரம்பிச்சார். "நல்லா வாசிச்சானுங்க. இல்லேன்னு சொல்லல. ஆனா நான் கேட்க வந்தது பாதிதான் வந்துச்சு."

"புதுசு நல்லா இல்லையாண்ணே?"

"நல்லா இருக்கலாம். நான் அதைக் கேட்டு இருபது வருஷம் ஆகலையே தம்பி."

நான் விடல. அவங்க ம்யூசியம் இல்லண்ணே, உயிரோட இருக்கற பேண்டு, எழுதிக்கிட்டே இருக்காங்க, எழுதினதை வாசிக்கத்தான் செய்வாங்கன்னேன். ஒசூர் தாண்டற வரைக்கும் கத்தினேன். முன் சீட்டுப் பெரியவர் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அண்ணன் எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணு சொன்னார். "உனக்கு அடுத்த தடவை இருக்கு. சிங்கப்பூர் போவ, லண்டன் போவ. எனக்கு இது ஒண்ணுதான். ஒண்ணே ஒண்ணு தர்றவன் எனக்குத் தெரிஞ்சதைத் தரணுமா, அவனுக்குத் தெரிஞ்சதைத் தரணுமா?"

அதுக்கு என்கிட்ட அப்ப பதில் இல்ல. விடியக்காலம் சேலத்துல டீக்கு நிறுத்தினாங்க. டீக்கடையில பத்துப் பதினஞ்சு பேர், இழவு வீடு மாதிரி மூஞ்சி. உலகக் கோப்பையில இந்தியா பங்களாதேஷ்கிட்ட தோத்துடுச்சு. 191-க்கு ஆல் அவுட்டாம். ராத்திரி பூரா அப்படி ஒரு மேட்ச் நடக்குதுங்கற நினைப்பே எங்க ரெண்டு பேருக்கும் இல்ல. அண்ணன் டீயை வாங்கிக்கிட்டு, "எல்லாருக்கும் இன்னிக்கு ஒரு குறைதான் போல"ன்னார்.

சரி, அண்ணன் சொன்னது நடக்கல. அவருக்கும் அடுத்த தடவை கிடைச்சுது. 2008 பிப்ரவரி 1-ந் தேதி மும்பையில மெய்டன் புது டூர் ஆரம்பிச்சாங்க, டிக்கின்சனே ஓட்டின போயிங் 757-ல உலகம் சுத்தின டூர் அது. எனக்கு லீவு கிடைக்கல, போகலை. 2009 பிப்ரவரி 15, ஞாயித்துக்கிழமை, திரும்ப பெங்களூரு. இந்த டூரோட பேரே பழைய காலத்துக்குத் திரும்பறதுதான். எண்பதுகள்ல வந்த பாட்டுதான் ஏறக்குறைய எல்லாமே. மேடை அலங்காரம்கூட 1984-85-ல 'பவர்ஸ்லேவ்' டூர்ல வச்ச எகிப்து செட்டு மாதிரி. அண்ணன் கேட்டது அத்தனையும் லிஸ்டுல இருந்துச்சு. இந்தத் தடவை கருப்பு டி-ஷர்ட் வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தார்.

கப்பல் பாட்டு ஆரம்பிச்சப்ப அவர் கத்தல, குதிக்கல. அப்படியே நின்னார். நடுவுல எல்லாம் அடங்கி, லைட்டு நீலமாகி, அந்த மரம் முனகற சத்தம் மட்டும் வந்துச்சு. அப்ப பார்த்தேன், அண்ணனோட வலது கை தானா முன்னாடி நீளுது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ எடுக்கப் போற மாதிரி. என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே காதுக்கிட்ட வந்து, "இங்க திருப்பணும்டா"ன்னார். திருப்பாமலே பாட்டு மேல போச்சு. அவர் கண்ணுல தண்ணி.

இதைச் சொன்னா "அப்புறம் என்னய்யா சண்டை, அண்ணன் ஜெயிச்சுட்டாரே"ம்பீங்க. இருங்க.

அன்னிக்கு வெளிய வந்ததும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, "அச்சு அசலா கேசட் மாதிரியே இருந்துச்சு தம்பி." அவர் வாயில இருந்து வரக்கூடிய உச்சக்கட்டப் பாராட்டு அது. இருபது வருஷம் காப்பி போட்டுப் பிழைச்ச மனுஷன். ஒரு பாட்டு சேதாரம் இல்லாம, இரைச்சல் இல்லாம, மாஸ்டர்ல இருந்த மாதிரியே காப்பியில வந்து விழணும். அதுதான் அவர் தொழில். அதுல அவரை அடிச்சுக்க ஆளில்ல.

என் குறையும் அதே வார்த்தைதான். கேசட் மாதிரியே இருந்துச்சு. 1985-ல வந்த 'லைவ் ஆஃப்டர் டெத்' கச்சேரிப் பதிவை நானும் தேய்ச்சவன்தான். 2009-ல ஒவ்வொரு பாட்டுக்கும் அடுத்து என்ன வரும், எந்த இடத்துல டிக்கின்சன் எந்தப் பக்கம் ஓடுவார், எங்க கூட்டத்தைக் கத்தச் சொல்வார், எல்லாம் தெரிஞ்சே இருந்துச்சு. சந்தோஷமா இருந்தேன், பொய் சொல்லல. தொண்டை கட்டிக்கற அளவுக்குக் கத்தினேன். ஆனா இன்னிக்கு யோசிச்சா அந்த ராத்திரியில எனக்கு நினைவு இருக்கறது மேடை இல்ல, அண்ணனோட கைதான். 2007-ல நினைவு இருக்கறது டிக்கின்சனோட மூஞ்சி.

அதனாலதான் சொல்றேன். பழைய பாட்டு வாசிக்கும்போது நாம பார்க்கறது நம்ம பதினஞ்சு வயசை. அதைப் பார்க்க ஆசையாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு அந்த ஆறு பேர் இங்கிலாந்துல இருந்து வரணும்னு இல்ல, அண்ணன் கடை ஸ்டூலே போதும். அவங்க இப்ப என்ன நினைக்கறாங்க, அம்பது வயசுல எதைப் பார்த்து பயப்படறாங்க, எதுக்குக் கோபப்படறாங்கன்னு தெரிஞ்சுக்க அவங்க வந்தாத்தான் உண்டு. ஒருத்தரை இருபது வருஷமா புடிச்சிருக்குன்னு சொல்லிட்டு, அவர் புதுசா ஒண்ணு பேச ஆரம்பிச்சா "அதெல்லாம் வேணாம், அப்ப சொன்னதையே திரும்பச் சொல்லு"ங்கறது எனக்குச் சரியாப் படல. ஊர்ல ஒரு மாமா எப்பப் போனாலும் "அந்தக் குரங்கு மாதிரி நடிச்சுக் காட்டுவியே, காட்டுடா"ன்னு கேட்பார் பாருங்க, எனக்கு நாப்பது வயசானப்புறமும். அப்படி இருக்கு.

"காசு கொடுத்தவன் கேக்கறதைத்தானே வாசிக்கணும்"னு ஒரு வாதம் உண்டு. ஹோட்டல்ல அது சரி. ஆனா இன்னொண்ணையும் பாருங்க. இன்னிக்கு நாம 'வேணும் வேணும்'னு கத்தற 'ஃபியர் ஆஃப் தி டார்க்' 1992-ல புதுப்பாட்டு. அந்த வருஷக் கச்சேரியில அதுக்கும் எவனோ ஒருத்தன் கையைக் கட்டிக்கிட்டுத்தான் நின்னிருப்பான், 'நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' போடுன்னு. அவங்க அவன் பேச்சைக் கேட்டிருந்தா அண்ணன் கண்ணை மூடிக்கிட்டுப் பாடறதுக்கு ஒரு பாட்டு குறைஞ்சிருக்கும்.

மெய்டன் என்ன பண்றாங்கன்னா, ரெண்டு கட்சிக்கும் மாத்தி மாத்தி ஓட்டுப் போடறாங்க. ஒரு டூர் புதுசு, ஒரு டூர் பழசு. 2015-ல டிக்கின்சனுக்கு நாக்குப் பக்கம் கேன்சர்னு சேதி வந்தப்ப ரெண்டு கட்சியும் வாயை மூடிக்கிட்டு இருந்தோம். அன்னிக்கு அண்ணன் போன் பண்ணி, "எதையாவது பாடட்டும்டா, பாடினாப் போதும்"ன்னார். அவர் தேறி வந்துட்டார். உடனே சண்டையும் தேறி வந்துடுச்சு :-) 2021-ல 'செஞ்சுட்சு'ன்னு பதினேழாவது ஆல்பம். 2023 டூர்ல அதுல இருந்து நிறைய வாசிச்சாங்க. கூடவே 1986-ல பதிவு பண்ணி மேடையில ஒரு தடவைகூட வாசிக்காத 'அலெக்சாண்டர் தி கிரேட்'டை முதல் முதலா வாசிச்சாங்க. இதை எந்தக் கட்சிக் கணக்குல எழுதறதுன்னு எனக்கும் அண்ணனுக்கும் ஒரு மாசம் தகராறு. பழைய பாட்டுங்கறார் அவர். மேடைக்குப் புதுசுங்கறேன் நான்.

2024 டிசம்பர் 7-ந் தேதி சாவ் பாலோ கச்சேரியோட டிரம்ஸ் வாசிக்கற நிக்கோ மெக்பிரெய்ன் டூர் போறதை நிறுத்திக்கிட்டார். 72 வயசு. செருப்பில்லாம வெறுங்காலோட வாசிக்கற மனுஷன். அதுக்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்து, அதுல இருந்து எழுந்து வந்து வாசிச்சவர். 2025-ல பேண்டோட அம்பதாவது வருஷத்துக்காகக் கிளம்பின டூர்ல சைமன் டாசன்னு வேற ஒருத்தர் டிரம்ஸ். பாட்டெல்லாம் 1980-ல இருந்து 1992 வரைக்கும் வந்த முதல் ஒன்பது ஆல்பத்துல இருந்து மட்டும். லிஸ்ட் வெளிய வந்த அன்னிக்கே அண்ணன் வாட்ஸப்புல அனுப்பிட்டார். கீழ ஒரே வரி. "கப்பல் பாட்டு இருக்கு. இப்ப என்ன சொல்ற?"

ஆளு மாறினப்புறமும் பாட்டு மாறலேன்னா அது கேசட்தாண்ணேன்னு பதில் போட்டேன். ரெண்டு நாள் பேசல.

போன தடவை ஊருக்குப் போனப்ப அவர் கடைக்குப் போனேன். ரீசார்ஜும் போயி இப்ப ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம். மேசைக்கடியில ரெண்டு டெக்கு இன்னும் இருக்கு, துணி போட்டு மூடி. "அந்தப் புது ஆல்பம், ஜப்பான்காரன் பேரு மாதிரி இருக்குமே, அதைப் பென் டிரைவ்ல ஏத்திக் கொடுத்தியே தம்பி"ன்னார். நாலு வருஷம் முன்னாடி கொடுத்தது. கேட்டிருக்க மாட்டார்னுதான் நினைச்சேன்.

"கேட்டீங்களா?"

"கடைசிப் பாட்டு கேட்டேன். பதினோரு நிமிஷம். பரவால்ல." கொஞ்ச நேரம் ஜெராக்ஸ் மெஷினைத் தட்டிக்கிட்டு இருந்தார். அப்புறம் சொன்னார்: "கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் ஆறு பாட்டு நாப்பது நிமிஷம், மீதி நாலு நாப்பத்தொண்ணரை. தொண்ணூறு கேசட்டுல ஏ சைடு, பி சைடு, ஒரு பாட்டுகூட உடையாது."